வாய் ஊறாத சமையல் புத்தகம்

“...அதனாலதான் சொல்றேன், நான் ஆக்கின எதுவும் அந்தப் புக்குல இருக்கவே கூடாது. கொழம்பு, ரசம், வறுவல், எதுவும் பேடா, வேணாம். புதுசா பாத்து வாங்கினு வா. பேரு வாயில நுழையலன்னாலும் பரவால்ல.”

அக்கா இதைச் சொன்னபோது நான் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவருடைய குரல் அப்போதே பாதி காற்றாகிவிட்டிருந்தது. கிட்டப் போனால்தான் வார்த்தை காதில் விழும். சொல்லி முடித்ததும் தலையணைப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, வாயில் சேர்ந்த எச்சிலை அதில் துப்பி, முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். உணவுக்குழாயில் கட்டி. சோறு தண்ணீரை விடுங்கள், சொந்த எச்சில்கூட அவருக்குக் கீழே இறங்காது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஜீவனஹள்ளியில் ஒரு வட்டாரத்தில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், சுற்றி வரிசையாக ஒரு அறையும் ஒரு சமையலறையுமாகச் சின்னச் சின்ன வீடுகள். பெங்களூரில் இதற்கு வட்டாரம் என்றுதான் பெயர். நான் கல்யாணமாகி ஆம்பூரில் இருந்து வந்தவள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் எங்களுக்கு அடுத்த வீடு. பிள்ளைகள் இல்லை. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கேரேஜில் டிங்கர் வேலை அவருக்கு. இடிபட்டு நசுங்கி வருகிற காரின் தகரத்தை உள்பக்கமிருந்து தட்டித் தட்டி நிமிர்த்துகிற வேலை.

அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேயே பக்கத்துத் தெருவில். படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழில் பேசுவார், தமிழில் சண்டை போடுவார், தமிழில் கேலி செய்தால் கேட்டுக்கொண்டே நிற்கலாம். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் பத்தாவது தாண்டாதவள்தான், ஆனால் மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வைத்துப் படிக்காமல் போட மாட்டேன். அதனால் மாதப் பத்திரிகை வந்தால் நான் படிப்பேன், அவர் கேட்பார், நடுநடுவே ஏதாவது சொல்வார். அவர் சொல்வதைக் கேட்கவே நான் மெதுவாகப் படிப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டு ஓனரைப் பற்றி, “அந்தாளு சிரிச்சினே வந்தா வாடகை ஏத்தறான்னு அர்த்தம், மொறைச்சினு வந்தா ஒண்ணும் பயமில்ல” என்பார். அந்த மாதிரிப் பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்த்தே எனக்கு அந்த ஊரில் பொழுது போயிற்று.

சமையலில் அக்காவை அடிக்க அங்கே ஆளில்லை. குளிர் தொடங்கி அவரைக்காய் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஊறவைத்த அவரைப்பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். பிதுக்கின பருப்பைப் போட்டு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாரென்றால் தெருமுனையிலேயே யார் வீடு என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த வியாதி வந்தது. முதலில் சப்பாத்தி நின்றது, பிறகு சோறு நின்றது, பிறகு கஞ்சி. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாயை வைத்து அனுப்பிவிட்டார்கள். பாலும், துணியில் வடிகட்டின கேழ்வரகுக் கஞ்சியும், பருப்புத் தண்ணீரும் பெரிய சிரிஞ்சில் எடுத்து அந்தக் குழாய் வழியாக அவரே விட்டுக்கொள்வார். “இது சாப்பிடறது இல்லம்மே, பெட்ரோல் போடறது” என்பார். வேறு வைத்தியம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணன் சமையலறைக்குப் போய் சிலிண்டர் வால்வை மூடினார். சாப்பிட முடியாதவள் எதிரே அடுப்பு பற்றவைத்து, தாளிக்கிற வாசனையை அவள் மூக்கில் ஏற்றுவதா என்று அவர் எண்ணம். அக்காவின் கஞ்சியையும் நான்தான் என் வீட்டில் காய்ச்சிக் கொண்டுபோனேன். அண்ணனின் சாப்பாடு பேக்கரியில் ஒரு பன், ஒரு டீ. சில நாள் அதுவும் இல்லை. வட்டாரமும் அவரைப் பார்த்து அப்படியே ஆகிவிட்டது. மீன் வாங்குவது நின்றது. கடுகு வெடிக்கும்போது ஜன்னலைச் சாத்தினார்கள். அந்த வருஷம் அவரைக்காய் வந்தபோது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உரித்து, தோலைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பாவம் பார்த்துத்தான் எல்லாரும் செய்தோம்.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது அக்கா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“சாவு வீட்லதானேம்மே அடுப்பு மூட்டாம இருப்பாங்க?” என்றார்.

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

“நான் இன்னும் போவலியே. அதுக்குள்ள இன்னாத்துக்கு அணைச்சிட்டீங்க அல்லாரும்?”

அன்றைக்குத்தான் மனசில் இருந்ததைச் சொன்னார். அண்ணனின் பெல்ட்டில் ஆணியால் குத்தின புது ஓட்டை ஒன்றை அவர் பார்த்துவிட்டிருந்தார். பல் தேய்க்கிற நேரம் போக மற்ற நேரம் அந்த மனிதர் வீட்டிலேயே இருப்பதில்லை. வந்தாலும் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார். “நான் போறதுக்குள்ள இந்த ஆளு இந்த வீட்ல ஆக்கி, இங்க ஒக்காந்து, ஒரு தட்டு தின்னணும். நான் இருக்கும்போதே பழகலன்னா அப்பறம் இந்தக் கதவையே தொறக்க மாட்டாரு. பஸ் ஸ்டாண்டுல படுத்துனு கெடப்பாரு. எனக்குத் தெரியாதா அவர?”

அதற்காகத்தான் புத்தகம். அவர் கைப்பக்குவத்தை அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஆகாதா என்று நான் கேட்டதற்கு, ஆகவே ஆகாது என்றார். “நான் வச்ச கொழம்ப அவரு வச்சா அது நான் வச்ச மாதிரி இருக்காது. ஒரு வாய் வச்சிட்டு அழுவாரு. தட்டத் தள்ளிட்டு எழுந்திருவாரு. என் ஞாபகமே இல்லாத சாப்பாடா இருக்கணும். அதுவும் இல்லாம,” என்று டம்ளரைக் காட்டினார், “தெரிஞ்ச சாப்பாட்டுப் பேரு காதுல விழுந்தாலே வாயெல்லாம் ஊறுது. துப்பித் துப்பித் தாடை நோவுது. தெரியாத சாப்பாட்டுக்கு வாய் ஊறாது, பாரு.”

இப்படித்தான் நான் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டை ஒட்டின பத்திரிகைக் கடை ஒன்றில் போய் நின்றேன். அப்போது சமையல் புத்தகங்கள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த காலம். அதற்கு முன்னால் சமையல் புத்தகம் என்றால் படமே இல்லாமல் பழுப்புத் தாளில் இருக்கும். இப்போது வழவழ அட்டை, அட்டை நிறையக் கலர் படம், கொத்தமல்லித்தழையை எண்ணி வைத்த மாதிரி. சைனீஸ் சமையல், பஞ்சாபிச் சமையல், மைக்ரோவேவ் அவனில் சமையல், குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்கு, தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஆண்களுக்கு. கடைக்காரர், “கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பசங்கதாம்மா இதெல்லாம் வாங்கறாங்க” என்று சொல்லிவிட்டு, “உங்களுக்கு கத்துக்கவா, யாருக்கானா கிஃப்ட் குடுக்கவா?” என்று கேட்டார். என்ன சொல்வது? “வேறொருத்தருக்கு” என்றேன்.

சிலதை வாங்கிவந்தேன். அடுத்த சில வாரம் மத்தியானம்தோறும் அதுதான் எங்கள் வேலை. நான் கட்டில் காலில் சாய்ந்துகொண்டு படிப்பேன், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சாப்பிடவே முடியாதவருக்குச் சமையல் புத்தகம் படித்துக்காட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். முதல் நாள் எனக்கும் நாக்கு எழும்பவில்லை. ஆனால் அக்கா அதை வேலை மாதிரி செய்தார். பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தள்ளினார்.

“பொன்னிறமாக வதக்கவும்...”

“வெங்காயத்துக்கும் பொன்னிறம், முந்திரிக்கும் பொன்னிறம், ரொட்டிக்கும் பொன்னிறம். இவ அடுப்புகிட்ட நின்னு எழுதினாளா, அடகுக் கடையில நின்னு எழுதினாளா? அடுத்தது.”

“மைக்ரோ ஹையில் வைத்து...”

“அந்தப் பொட்டி வாங்கறதுக்குள்ள நான் சாமிகிட்ட போயிடுவேன். அடுத்தது.”

காளிஃப்ளவர் மஞ்சூரியன் வேண்டாம், அது தெருவில் வண்டிக்காரன் போடுகிறான், வாசனை தெரியும். பஞ்சாபி ராஜ்மா வேண்டாம், பயறு வேகிற வாசனை ஏறக்குறைய நம் வாசனைதான். தாளிக்கிறது எதுவும் வேண்டாம், மிளகாய் வறுக்கிறது எதுவும் வேண்டாம். சில நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கையை நீட்டி நிறுத்தச் சொல்வார். டம்ளரைத் தேடுவார். எந்த வரி அவருக்கு எதை ஞாபகப்படுத்தியதோ. நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பேன்.

கடைசியில் தனியாள் சமையல் புத்தகத்தில் ஒன்று அகப்பட்டது. ஒயிட் சாஸில் மக்ரோனி. வெண்ணெய், மைதா, பால், மிளகுத்தூள், அவ்வளவுதான். “வாய் ஊறுதாக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, “சுத்தமா இல்ல. இதுதான்” என்றார். மக்ரோனி பாக்கெட்டும் வெண்ணெயும் மற்றதும் வாங்கி என் வீட்டு அலமாரியில் வைத்தேன்.

அண்ணன் ஒப்ப வேண்டுமே. ஒருநாள் முற்றத்தில் என்னை மடக்கினார். “ஏம்மா, உனக்கு வேற வேல இல்லையா? தண்ணி எறங்காதவகிட்ட ஒக்காந்துனு வெண்ணெய் போடு, சீஸ் போடுன்னு படிக்கிறியே. மனசு இருக்குதா உனக்கு?” முகம் சிவந்துவிட்டது அவருக்கு. அக்காதான் கேட்கிறார் என்று சொன்னேன். “அவ கேப்பா. இன்னா வேணா கேப்பா,” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். உள்ளிருந்து அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டார், குரல் அவ்வளவு தூரம் வராது என்பதால். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அக்கா இரண்டு பிடி இளைத்தார். கஞ்சியை ஒரு வேளை வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்தார். நாள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்புறம் ஒரு பந்த் வந்தது. அந்த வருஷங்களில் பெங்களூரில் பந்த்துக்கா பஞ்சம்! எதற்காக என்பதுகூட இப்போது நினைவில்லை. ரேடியோவில் கேட்டதுமே அக்கா என்னைக் கூப்பிட்டு, வீடுவீடாகப் போய்ச் சொல்லச் சொன்னார்: நாளைக்கு யாரும் அண்ணனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்கக் கூடாது, காப்பித் தண்ணிகூடக் கூடாது. எதிர்வீட்டு அம்மா அழுதே விட்டார். “இன்னாடி இது கொடும, அந்த மனுஷன் ஏற்கெனவே எலும்பா இருக்குறாரு.” கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அக்கா சொன்னதை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை.

பந்த் அன்று கேரேஜ் இல்லை, பேக்கரி இல்லை, டீக்கடை இல்லை. பஸ் ஓடாத ரோட்டில் போலீஸ்காரர்கள் மட்டும் நின்றார்கள். அண்ணன் காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். முற்றத்தில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. வழக்கமாகப் பந்த் என்றால் சீட்டாட்டமும் சிரிப்பும் அமர்க்களப்படும். அன்று ஒரு சத்தம் இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது. நான் அக்கா பக்கத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கிடந்த அக்கா என் முழங்காலைத் தட்டினார். நான் சத்தமாக, “மக்ரோனியைக் கொதிக்கும் நீரில் போட்டு வேகவிடவும்” என்று படித்தேன்.

“நிறுத்தும்மா,” என்றார் அண்ணன் வாசலில் இருந்து.

“பசிக்குதா?” என்றார் அக்கா. சத்தமே இல்லாத அன்றைக்கு அவர் குரல் வாசல்வரை கேட்டது.

“இல்ல.”

“உன் வயிறு கத்தறது இங்க கேக்குது.”

“உன் முன்னாடி எப்பிடிடி தின்றது?”

“என் முன்னாடிதான் தின்னணும். நான் பாக்கணும்.” அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. துப்பினார், துடைத்தார். “எழுந்திரு. எனக்கு இதுக்குமேல பேச முடியாது. கெஞ்ச வைக்காத.”

அவர் முற்றத்தில் சாத்திக் கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனார். வால்வைத் திறக்கிற சத்தம் கேட்டது. தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது, உரசி உரசி மூன்று நான்கு குச்சி உடைந்து, ஒரு வழியாக அடுப்பு பற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய் என் வீட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்று படித்தேன்.

பாக்கெட்டைப் பிரித்தவர், “இன்னாம்மா இது, பெட்ரோல் டியூப வெட்டிப் போட்டாப்ல இருக்குது?” என்றார்.

“எனக்கும் டியூபு, உனக்கும் டியூபு. சரியாப்போச்சு,” என்றார் அக்கா உள்ளிருந்து. அண்ணன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. சொன்னவர் மட்டும் சிரித்தார், சத்தம் வராமல்.

பால் என்று வந்தபோதுதான் விழித்தோம். கடை எதுவும் இல்லை. இருந்தது அக்காவுக்கு மத்தியானத்துக்கு விட வேண்டிய பால் மட்டும்தான். அண்ணன் கரண்டியை வைத்துவிட்டார். “வேணாம். விடு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“அதுலயே பாதிய ஊத்து,” என்றார் அக்கா. “மீதிய எனக்குக் குடு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிட்டதா இருக்கட்டும்.”

பாலை ஊற்றினதும் மைதா கட்டிகட்டியாகத் திரண்டது. அண்ணன் கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கட்டியாக ஓரத்துக்குத் தள்ளி, அழுத்தித் தட்டிச் சமமாக்கினார், காரில் செய்வது மாதிரியே. “இது லப்பம்மா. காருல பள்ளம் அடைக்க நாங்க பூசற லப்பம். இதப் போயித் திங்கறாங்களா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெண்ணெயும் மாவும் சேர்ந்த வாசனை அந்த வீட்டுக்குப் புதியது. எந்தக் கல்யாணத்தையும், எந்த ஞாயிற்றுக்கிழமையையும் அது ஞாபகப்படுத்தவில்லை. நான் அக்காவின் டம்ளரைப் பார்த்தேன். அதை அவர் எடுக்கவில்லை.

தட்டில் போட்டுக்கொண்டு வந்த அண்ணன் அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“திரும்பு.”

திரும்பினார். நான் சிரிஞ்சில் பாலை எடுத்துக் கொடுத்தேன். அக்கா குழாயில் மெதுவாக விட்டுக்கொண்டார். அண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழுங்கினார்.

“எப்பிடி இருக்குது?”

“நல்லால்ல.”

“எவ்ளோ நல்லால்ல?”

“ரொம்ப.”

“அப்போ இன்னும் கொஞ்சம் போட்டுக்க.”

அவர் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தார். பசித்த மனிதர். தலையை நிமிர்த்தாமல் வேகவேகமாக, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல், விரலால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். அதுவரைக்கும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இமைகூடத் தட்டவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். அண்ணன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, எச்சில் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அக்கா குழாயின் வாயை மடித்துக் கிளிப் போட்டார். அதைச் சுருட்டி இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு, கட்டிலைப் பிடித்து எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். குனிந்து அந்தத் தட்டை எடுத்தார். சுவரைத் தடவித் தடவி வாசலைத் தாண்டி, எல்லாக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்து பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, முற்றத்துக் குழாயடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரை எடுத்து, அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.